தளவாடக் கிடங்கிலிருந்து அரண்மனைக்கு: மெங்கிஸ்து ஹைலே மரியாம், 1974–1991

1974 செப்டம்பர் 12 அன்று காலை, அடிஸ் அபாபாவின் ஜூபிலி அரண்மனை வாசலில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வந்து நின்றது. 1916 முதல் அரசப் பிரதிநிதியாகவும் 1930 முதல் பேரரசராகவும் எத்தியோப்பியாவை ஆண்டுவந்த ஹைலே செலாசியின் முன் நின்று, அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பை இளம் படையதிகாரிகள் படித்துக்காட்டினார்கள். பின்னர் அந்தச் சிறிய காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் போய்ப் பழகிய 82 வயது மன்னருக்கு இவ்வளவு சிறிய காரா என்ற தயக்கம் வந்ததாகவும், வேறு வழியின்றிக் குனிந்து ஏறியதாகவும் அன்றைய நிகழ்வைப் பதிவு செய்தவர்கள் கூறுகிறார்கள். வண்டி நான்காம் டிவிஷன் தலைமையகத்தை நோக்கிப் போகையில், தெருவோரம் கூடியவர்கள் 'லேபா' என்று கத்தினார்கள். அம்ஹாரிக் மொழியில் அதற்குத் திருடன் என்று பொருள்.

அறிவிப்பைப் படித்தவர் மெங்கிஸ்து ஹைலே மரியாம் அல்லர். நாட்டில் பெரும்பாலோர் அன்று அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. இரண்டரை ஆண்டுகளில் அவர் ஆட்சியின் தலைவரானார். 17 ஆண்டுகள் முடிவதற்குள் நாட்டைவிட்டுத் தப்பி ஓடினார். அவருடைய வீழ்ச்சியை, சோவியத் ஒன்றியம் கைவிட்டதால் நேர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி தவறு என்று சொல்லவில்லை. ஆனால் மாஸ்கோ கையை விரிப்பதற்கு முன்பே அவருடைய படை உள்ளுக்குள் முறிந்துவிட்டது என்பதும், அதை முறித்ததில் எதிரிகளின் பங்கைவிட அவருடைய பங்கு குறைவானதல்ல என்பதும் இந்த ஆய்வின் கணிப்பு.

கிணற்றில் தொடங்கிய கலகம்

எத்தியோப்பியப் புரட்சியைத் திட்டமிட்டு நடத்திய கட்சியோ தலைவரோ கிடையாது. 1974 ஜனவரியில், தெற்கே வறண்ட எல்லைப் பகுதியான நெகெல்லேயில் முகாமிட்டிருந்த படைப்பிரிவில் சிப்பாய்களின் தண்ணீர் பம்பு பழுதானது. அதிகாரிகளுக்கென்று தனிக் கிணறு இருந்தது. அதில் நீர் எடுக்கச் சிப்பாய்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கெட்டுப்போன உணவும் குறைந்த சம்பளமும் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த நிலையில், சிப்பாய்கள் அதிகாரிகளைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். சமாதானம் பேச அரண்மனை அனுப்பிய ஜெனரலையும் பிடித்துவைத்து, தாங்கள் உண்ணும் சோற்றையும் குடிக்கும் நீரையும் அவருக்கே கொடுத்தார்கள், அவர் நோயுற்றார். பேரரசர் தண்டிக்கவில்லை, குறைகளைத் தீர்ப்பதாக வாக்களித்தார். கலகம் செய்தால் பலன் உண்டு என்ற செய்தி ராணுவ வானொலிக் கருவிகள் வழியே முகாம் முகாமாகப் பரவியது.

பிப்ரவரியில் பெட்ரோல் விலையேற்றத்தை எதிர்த்து டாக்சி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வடக்கே எரித்திரியாவின் அஸ்மரா நகரில் இருந்த இரண்டாம் டிவிஷன் கலகத்தில் இறங்கியது. பிரதமர் அக்லிலு ஹப்தே வொல்த் பதவி விலக, என்தால்காச்சு மகோன்னன் அந்த இடத்துக்கு வந்தார். இவை எல்லாவற்றுக்கும் பின்னணியில் வொல்லோ மாகாணத்துப் பஞ்சம் இருந்தது. 1973 அக்டோபரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அதை உலகுக்குக் காட்டும்வரை அரண்மனை அதை மூடி மறைத்தது. பேரரசரை நீக்குவதற்கு முந்தைய இரவு, அதே படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு வெட்டி ஒட்டி எத்தியோப்பியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். மறுநாள் தெருவில் எழுந்த கூச்சலுக்கு அந்த ஒளிபரப்பு ஒரு காரணம்.

இந்தக் கலகங்களுக்கிடையே, 1974 ஜூன் 28 அன்று, நாட்டின் எல்லாப் படைப்பிரிவுகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 120 பேர் தலைநகரில் கூடி ஒரு குழுவானார்கள். முறையான பெயர் நீளமானது. மக்கள் 'டெர்க்' என்றே அழைத்தார்கள். குழு என்பதைக் குறிக்கும், அதிகம் புழங்காத பழஞ்சொல் அது. மேஜர் பதவிக்கு மேற்பட்ட எவரும் இதில் இல்லை, ஏனெனில் மூத்த அதிகாரிகள் அனைவரும் பழைய ஆட்சியின் ஆட்கள் என்று கருதப்பட்டார்கள். உறுப்பினர் பட்டியல் வெளியிடப்படவில்லை. நாட்டை ஆளுகிறவர்கள் யார் யார் என்றே மக்களுக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டைக் கடந்துவிடாமல் கவனிக்க வேண்டும். முகம் தெரியாத குழுவில் வாதத்துக்கும் வாக்கெடுப்புக்கும் வெளியே சாட்சி கிடையாது. அறைக்குள் யார் கை ஓங்குகிறதோ அவரே குழு. மெங்கிஸ்துவின் எழுச்சியை அந்த அறைக்கு வெளியே தேடிப் பயனில்லை.

அவர் ஹராரில் இருந்த மூன்றாம் டிவிஷனின் பிரதிநிதியாக வந்திருந்தார். தொல்லைபிடித்த ஆள் ஒழிந்தால் போதும் என்றுதான் அவரை அனுப்பிவைத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. சிப்பாயின் மகன், இளமையிலேயே படையில் சேர்ந்து, ஹொலெத்தா ராணுவப் பயிற்சிப் பள்ளியில் தேறி, தளவாடப் பிரிவில் மேஜரானவர், அமெரிக்காவில் பயிற்சியும் பெற்றவர். ஹரார் நகரிலேயே 1950-களின் பிற்பகுதியில் இந்தியத் தரைப்படை அதிகாரிகளின் உதவியோடு நிறுவப்பட்ட ராணுவக் கல்லூரி ஒன்று இருந்தது. அதில் படித்து வந்த அதிகாரிகள் கல்வியிலும் குடிப்பிறப்பிலும் ஒரு படி மேல் என்று எண்ணப்பட்டார்கள். ஹொலெத்தாக்காரர்கள் சிப்பாய் வரிசையிலிருந்து மேலேறியவர்கள். இந்த ஏளனத்தை மெங்கிஸ்து மறக்கவில்லை என்பதை அவரோடு பழகிய பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். குழுவில் இருந்த கீழ்நிலைச் சிப்பாய்களும் சார்ஜண்டுகளும் அவர் பேச்சுக்குக் கட்டுண்டதற்கு இதுவே பெரிய காரணம். அவர்கள் மனதில் இருந்ததை அவர்களுடைய மொழியில் சொல்லக்கூடிய அதிகாரி அவர்தான்.

மூன்று தலைவர்கள்

டெர்க் தன் முகமாக முன்னிறுத்தியது ஜெனரல் அமான் அந்தோமை. எரித்திரியக் குடும்பத்தில் பிறந்தவர், சிப்பாய்களிடம் நல்ல பெயர் உள்ளவர். 1952-இல் கூட்டாட்சியாக எத்தியோப்பியாவோடு இணைக்கப்பட்டு, 1962-இல் அந்தத் தகுதியையும் பறிகொடுத்த எரித்திரியாவில் அப்போது ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பேச்சால் தீர்க்கலாம் என்று நம்பிய அமான், அங்கே மேலும் 5,000 வீரர்களை அனுப்பும்படி டெர்க் கேட்டபோது மறுத்துவிட்டார். 1974 நவம்பர் 23 அன்று அவருடைய வீட்டை டாங்குகள் சூழ்ந்தன. அங்கு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் இறந்தார். அன்றிரவே, சிறையில் இருந்த பழைய ஆட்சியின் ஏறத்தாழ 60 பேர் விசாரணை இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். முன்னாள் பிரதமர்கள் அக்லிலுவும் என்தால்காச்சுவும், பேரரசரின் பேரனும் கடற்படைத் துணைத் தளபதியுமான இஸ்கிந்தர் தெஸ்தாவும் அவர்களுள் அடங்குவர். அதுவரை 'ரத்தம் சிந்தாத புரட்சி' என்பது டெர்க்கின் முழக்கமாக இருந்தது.

அடுத்த தலைவர் தெஃபெரி பன்த்தே, பிரிகேடியர் ஜெனரல். துணைத் தலைவர்களாக மெங்கிஸ்துவும் அத்னாஃபு அபாத்தேயும் இருந்தார்கள். சிறையிலிருந்த பேரரசர் 1975 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கோளாறு என்று அரசு அறிவித்தது; அவர் மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்டார் என்று பிற்கால நீதிமன்றம் முடிவு செய்தது. அரண்மனை வளாகத்தில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்த எலும்புகள் 1992-இல் தோண்டி எடுக்கப்பட்டன.

1976 இறுதியில் தெஃபெரி பன்த்தேயும் அவருடைய ஆதரவாளர்களான இளம் கேப்டன்களும் குழுவின் அமைப்பை மாற்றி மெங்கிஸ்துவின் அதிகாரத்தைச் சுருக்கினார்கள். காகிதத்தில் அவர்கள் வென்றுவிட்டார்கள். 1977 பிப்ரவரி 3 அன்று, குழு கூடும் பழைய அரண்மனையிலேயே, மெங்கிஸ்துவின் பக்கம் இருந்த காவல்படை தெஃபெரியையும் அந்தக் கேப்டன்களையும் பிடித்துச் சென்று சுட்டுக் கொன்றது. வாயிற்காவலின் விசுவாசம் யாரிடம் என்பதைப் பார்க்காமல் விதிகளைத் திருத்தியவர்களின் கதை அன்று பகலுக்குள் முடிந்தது. சில நாட்களில் மெங்கிஸ்து தலைவராக அறிவிக்கப்பட்டார். எஞ்சியிருந்த துணைத் தலைவர் அத்னாஃபு அபாத்தேக்கு அதே ஆண்டு நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சோசலிசத்தைவிட நாட்டு நலனை முன்வைத்தார் என்பது அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்று. புரட்சிக்கு முன் சொல்லப்பட்டிருந்தால் அதே சொற்கள் புகழ்ச்சியாகியிருக்கும்.

நிலம்

இவ்வளவையும் படிக்கும்போது, இந்த ஆட்சியை மக்கள் எப்படிப் பொறுத்தார்கள் என்ற கேள்வி எழும். பதில் நிலத்தில் இருக்கிறது. பேரரசர் காலத்தில், குறிப்பாகத் தெற்கு மாகாணங்களில், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில், உழுதவர்கள் அதில் பாதியையும் சில இடங்களில் அதற்கு மேலும் நிலக்கிழாருக்கு அளந்தார்கள். 'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கத்தோடு அடிஸ் அபாபா மாணவர்கள் 1965 முதலே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். 1975 மார்ச் 4 அன்று டெர்க் கிராமப்புற நிலம் முழுவதையும் பொதுவுடைமையாக்கியது: குத்தகையும் வாரமும் ஒழிந்தன, ஒரு குடும்பம் 10 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, கூலிக்கு ஆள் வைத்து உழ முடியாது. தலைநகரில் லட்சக்கணக்கானோர் திரண்டு கொண்டாடினார்கள். ஏறத்தாழ 60,000 மாணவர்களும் ஆசிரியர்களும் இதை நடைமுறைப்படுத்தவும் எழுத்தறிவு புகட்டவும் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்; தொடர்ந்து நடந்த எழுத்தறிவு இயக்கம் 1980-இல் யுனெஸ்கோ வழியான பரிசையும் பெற்றது. ஜூலையில் நகர நிலமும் வாடகை வீடுகளும் அரசுடைமையாயின.

இது வெறும் அறிவிப்பாக நின்றுவிட்ட சீர்திருத்தம் அன்று. தெற்கத்திய உழவனுக்கு ஆண்டையிடமிருந்து உண்மையான விடுதலை கிடைத்தது. மெங்கிஸ்துவைப் பற்றி எழுதுவோர் சிலர் இதை அரை வரியில் கடந்துபோவது நியாயமல்ல. ஆனால் விடுதலையின் சுவை நீடிக்கவில்லை. அரசின் விளைபொருள் விற்பனைக் கழகம் சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்குக் கட்டாயக் கொள்முதல் அளவை விதித்தது. அந்த அளவுக்கு விளையாதவன் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கி அரசுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டியிருந்தது. உழவர் சங்கங்கள் வரி வசூலிக்கும், ஆள் பிடிக்கும் அலுவலகங்களாயின. 1983-இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தபின், நிலம் கொடுத்த அதே சங்கம்தான் வீட்டுக்கு வந்து மகனைக் கூட்டிப்போனது. ஆண்டைக்கு வாரம் அளந்தவன் இப்போது அரசுக்கு அளந்தான். மகனையும் கூடச் சேர்த்து அளந்தான்.

சிவப்புப் பயங்கரமும் ஒகாடேன் போரும்

மாணவர்களிடையே வேரூன்றியிருந்த இடதுசாரி இயக்கங்கள் இரண்டு. எத்தியோப்பிய மக்கள் புரட்சிக் கட்சி, ராணுவத்தை விலக்கி மக்களாட்சியை உடனே கொண்டுவர வேண்டும் என்றது. மெய்சோன் என்ற மற்றொன்று ராணுவத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே அதை மாற்றலாம் என்று எண்ணியது. மார்க்சையும் லெனினையும் இரு தரப்பினரும் ஒரே ஆர்வத்தோடு படித்தவர்கள். 1976 செப்டம்பரில் முதலாவது கட்சி மெங்கிஸ்துவைச் சுட்டுக் கொல்ல முயன்றது. அவர் காயத்தோடு தப்பினார். நகரத்தில் இரு தரப்பிலும் கொலைகள் பெருகின.

1977 ஏப்ரலில், புரட்சிச் சதுக்கம் என்று பெயர் மாற்றப்பட்ட மெஸ்கெல் சதுக்கத்தில் பெருங்கூட்டத்தின் முன் மெங்கிஸ்து பேசினார். பேச்சின் இடையே, செந்நிறத் திரவம் நிரப்பிய புட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் அடித்து உடைத்தார். புரட்சியின் பகைவர்களுடைய ரத்தம் இப்படிச் சிந்தும் என்றார். அந்தப் படம் இன்றும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த சில நாட்களில், மே தினத்துக்கு முன்னிரவில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். கெபெலே எனப்படும் வட்டாரக் குடியிருப்போர் சங்கங்களுக்குத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. வீடு வீடாகச் சோதனை நடந்தது; காலையில் தெருவில் கிடந்த உடல்களில் குற்றத்தை எழுதிய அட்டை தொங்கியது; உடலைப் பெற வந்த பெற்றோரிடம் சுட்ட தோட்டாவுக்குக் காசு கேட்கப்பட்டது. அழுவதற்கும் தடை இருந்தது. முதலில் மெய்சோனின் துணையோடு மக்கள் புரட்சிக் கட்சி அழிக்கப்பட்டது; 1977 ஆகஸ்டில் தலைமறைவான மெய்சோன் பிறகு வேட்டையாடப்பட்டது. இறந்தோரின் எண்ணிக்கைக்கான மதிப்பீடுகள் பத்தாயிரங்களிலிருந்து லட்சங்கள் வரை வேறுபடுகின்றன. எண் எதுவானாலும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு நகரத் தலைமுறை போனது. போகாதவர்கள் வாய் திறக்கவில்லை.

இதே மாதங்களில் வெளியேயும் ஆபத்து வந்தது. 1969-இல் ஆட்சியைப் பிடித்த மற்றொரு ராணுவ ஆட்சியாளரான சோமாலியாவின் சியாத் பர்ரே, தானும் ஒரு சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர், எத்தியோப்பியாவின் கிழக்கே சோமாலிகள் வாழும் ஒகாடேன் பகுதியைப் பிடிக்க 1977 ஜூலையில் படையெடுத்தார். மார்ச்சில் ஏடன் நகரில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஃபிடல் காஸ்ட்ரோ செய்த சமரச முயற்சி பலிக்கவில்லை. செப்டம்பரில் அங்கிருந்த ஜிஜிகா நகரம் விழுந்தது. மனித உரிமை மீறலைக் காட்டி அமெரிக்கா உதவியைக் குறைத்திருந்தது; மெங்கிஸ்து ஏப்ரலிலேயே அஸ்மராவில் இருந்த அமெரிக்கத் தகவல் தொடர்பு நிலையத்தை மூடியிருந்தார். இரு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுத்துவந்த மாஸ்கோ, கடைசியில் மக்கள்தொகையில் பெரிய நாட்டைத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் தொடங்கிய வான்வழி விநியோகத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்கள் வந்து இறங்கின. கியூபாவிலிருந்து 15,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். கராமாரா மலைக்கணவாயைச் சுற்றிவந்த தாக்குதலில், 1978 மார்ச் 5 அன்று ஜிஜிகா மீட்கப்பட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: அவரை வெறுத்த எத்தியோப்பியர்களும் கராமாரா வெற்றியை வெறுப்பதில்லை, அந்த நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1978-இல் மெங்கிஸ்து தன் உச்சத்தில் இருந்தார். அந்த வெற்றியிலிருந்து அவர் கற்ற பாடம் தவறானது: எந்தச் சிக்கலையும் ஆட்களைக் குவித்து, டாங்குகளை நிறுத்தி முடித்துவிடலாம் என்பது.

பத்தாம் ஆண்டு விழா

1984 செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக அடிஸ் அபாபா அலங்கரிக்கப்பட்டது. வட கொரியாவிலிருந்து வந்த கலைஞர்கள் வளைவுகளையும் பதாகைகளையும் அமைத்தார்கள். எத்தியோப்பியத் தொழிலாளர் கட்சி முறைப்படி தொடங்கப்பட்டு மெங்கிஸ்து அதன் பொதுச் செயலாளரானார். வடக்கே வொல்லோவிலும் டிக்ரேயிலும் மழை பொய்த்து மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நிவாரண ஆணையத்தின் தலைவர் தாவித் வொல்தே கியோர்கிஸ் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். விழா முடியும்வரை அதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்பதே தலைமையின் நிலைப்பாடு. பின்னர் அவரும் வெளிநாட்டில் தஞ்சமடைந்தார். அக்டோபரில் கொரெம் முகாமிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய காட்சிகள் உலகை உலுக்கின. ஒல்லியான பிள்ளையைக் கேலி செய்ய நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எத்தியோப்பியாவின் பெயரை இழுத்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கேலி அங்கிருந்து வந்தது. இறந்தோர் 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்பது மதிப்பீடு.

வறட்சி இயற்கையானது, பஞ்சம் முழுக்க இயற்கையானதல்ல. கிளர்ச்சியாளர்கள் வலுவாக இருந்த மாகாணங்களில் சந்தைகள் மீது குண்டு விழுந்தது, உணவு லாரிகள் மறிக்கப்பட்டன. பஞ்சத்தைக் காரணமாக்கி ஏறத்தாழ 6 லட்சம் வடக்கத்தியர் தெற்கிலும் மேற்கிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பலர் பலவந்தமாக விமானத்திலும் லாரியிலும் ஏற்றப்பட்டார்கள். இதைக் கண்டித்த பிரெஞ்சு மருத்துவ அமைப்பு ஒன்று 1985 இறுதியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. அடுத்து வந்த கிராமத் தொகுப்புத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைத் தோட்டத்தருகே இருந்த வீட்டிலிருந்து வரிசைக் குடிசைகளுக்கு மாற்றியது. 1975-இல் கிடைத்த நல்லெண்ணத்தின் கையிருப்பு இத்தோடு தீர்ந்தது. 1987-இல் புதிய அரசியலமைப்பின் கீழ் அவர் குடியரசுத் தலைவரானதை மக்கள் வானொலியில் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தளபதிகள்

எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி நக்ஃபா மலைகளில் அகழிகளை வெட்டி, 1982-இல் மெங்கிஸ்து நேரில் வந்து நடத்திய பெருந்தாக்குதலையும் தாங்கி நின்றது. அந்த மலைகளுக்கு எதிரே பல ஆண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்த எத்தியோப்பியப் படைத்தொகுதிக்கு 'நதேவ்' என்று பெயர், தலைமையகம் அஃபாபெத். அதன் தளபதி தாரிக்கு அய்னே, சிப்பாய்களோடு அகழியில் இருந்து பழகியவர். 1988 பிப்ரவரியில் அஸ்மராவுக்கு வந்த மெங்கிஸ்து, போர்முனைத் தோல்விகளுக்குப் பழி சுமத்தி அவருக்கு மரண தண்டனை விதித்தார். வேறு சில அதிகாரிகளின் பதவிச் சின்னங்கள் பறிக்கப்பட்டன.

ஒரு மாதம் கழிந்தது. மார்ச் 17 அன்று எரித்திரியப் படை மூன்று பக்கங்களிலிருந்து நதேவைத் தாக்கியது. அஃபாபெத்தை நோக்கிப் பின்வாங்கிய டாங்கு வரிசை ஒரு குறுகிய கணவாயில் நுழைந்தபோது முன்னால் சென்ற வண்டிகள் அடிபட்டு வழியை அடைத்துக்கொண்டன. பின்னால் வந்தவை திரும்பவும் முடியாமல், முன்னேறவும் முடியாமல் நின்றன. அந்த ஆயுதங்கள் எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று எத்தியோப்பிய விமானங்களே வந்து சொந்த வரிசையின் மீது, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, குண்டு போட்டன. மூன்று நாளில் மூன்று டிவிஷன்கள் இல்லாமற்போயின. மூன்று சோவியத் அதிகாரிகள் சிறைப்பட்டார்கள். முன்னணி ஒரே வாரத்தில் கனரக ஆயுதப் படையாக மாறியது.

அந்த ஒரு மாதத்து இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு தளபதியின் கொலையே தோல்விக்குக் காரணம் என்று சாதிக்க முடியாது. எரித்திரியர்கள் நீண்ட நாள் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் அகழியில் இருந்த சிப்பாயின் பக்கமிருந்து பார்த்தால் நடந்தது வேறு. அவனை நன்கறிந்த தளபதியைத் தலைநகரிலிருந்து வந்தவர் கொன்றுவிட்டுப் போயிருக்கிறார்; புதிதாக வந்தவர் எதையும் மேலே சொல்ல அஞ்சுகிறார்; அரசியல் கமிசார் ஒருவர், பாதுகாப்பு உளவாளி ஒருவர் என்று ஒவ்வொரு பிரிவிலும் கட்டளைக்கு மூன்று வாய்கள். கெட்ட செய்தி மேலே போகாத படையில் நல்ல கட்டளை கீழே வருவதில்லை. அறைக்குள் போட்டியாளர்களை ஒழிக்க உதவிய அதே வழக்கம், சகாராவுக்குத் தெற்கே மிகப் பெரியதென்று சொல்லப்பட்ட ஒரு படையை நடத்தும் முறையாகவும் ஆகிவிட்டிருந்தது.

அடுத்தவை விரைவாக நடந்தன. சியாத் பர்ரேயோடு 1988 ஏப்ரலில் உடன்பாடு செய்து ஒகாடேனிலிருந்து படையை வடக்கே நகர்த்தியும் பலனில்லை. 1989 பிப்ரவரியில் டிக்ரேயின் ஷீரேயில் நடந்த போரில் டிக்ரே மக்கள் விடுதலை முன்னணி வென்றது. அரசுப் படை டிக்ரே முழுவதையும் விட்டு வெளியேறியது.

1989 மே 16 அன்று மெங்கிஸ்து கிழக்கு ஜெர்மனிக்கு விமானம் ஏறிய சில மணி நேரத்தில், பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்தில் ஜெனரல்கள் கூடிக் கவிழ்ப்பில் இறங்கினார்கள். உடன்பட மறுத்த பாதுகாப்பு அமைச்சர் ஹைலே கியோர்கிஸ் அங்கேயே சுடப்பட்டார். விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதா என்ற விவாதத்திலும், அடுத்து என்ன செய்வது என்ற விவாதத்திலும் பொன்னான மணிகள் கரைந்தன. அதற்குள் குடியரசுத் தலைவரின் காவல்படை கட்டடத்தைச் சூழ்ந்தது. முப்படைத் தலைமை அதிகாரி மெரித் நெகுசியும் விமானப்படைத் தளபதி அம்ஹா தெஸ்தாவும் தற்கொலை செய்துகொண்டார்கள். அஸ்மராவில் கவிழ்ப்பை ஆதரித்த இரண்டாம் புரட்சிப் படையின் தளபதி தெமிசே புல்த்தோ கொல்லப்பட்டார். உடனே திரும்பிவந்த மெங்கிஸ்து, சிறைப்பட்ட ஜெனரல்களுள் 12 பேரை ஓராண்டு கழித்து, 1990 மே மாதம், கொன்றார். பயிற்சியும் அனுபவமும் உள்ள தளபதிகளின் ஒரு வரிசையே அழிந்தது. இதற்கிடையே, பிப்ரவரியில், வடக்குப் படைகளுக்கு உணவும் எரிபொருளும் வந்துகொண்டிருந்த மஸ்ஸாவா துறைமுகம் எரித்திரியர் கைக்குப் போய்விட்டது.

மாஸ்கோவின் கைவிடலை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசியல் தீர்வு தேடும்படி சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சொல்லிக்கொண்டிருந்தாலும், அஃபாபெத்திலும் ஷீரேயிலும் தோற்றபோது சோவியத் ஆயுதம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆயுதங்களில் பெரும்பகுதி எரித்திரிய, டிக்ரே படைகளின் கைக்கு மாறி அடிஸ் அபாபாவை நோக்கித் திரும்பியது. 1990 மார்ச்சில் மெங்கிஸ்து மார்க்சியத்தைக் கைவிட்டுக் கலப்புப் பொருளாதாரத்தை அறிவித்தார். உழவர்கள் கூட்டுப் பண்ணைகளைத் தாமே கலைத்து நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அறிவிப்பு அவர்களுக்குப் பின்னால் ஓடியது.

1991 மே

டிக்ரே முன்னணியின் தலைமையில் அமைந்த கூட்டணிப் படை தலைநகரை நெருங்கியது. மே 21 அன்று, தெற்கே ஒரு பயிற்சி முகாமைப் பார்வையிடப் போவதாகச் சொல்லி மெங்கிஸ்து விமானம் ஏறினார். விமானம் நைரோபிக்குப் போய், பின்னர் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இறங்கியது. அந்நாட்டின் விடுதலைப் போரில், பின்னர் அதன் தலைவரான முகாபேயின் படையினருக்கு அவர் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்திருந்தார். முகாபே அந்தக் கடனை மறக்கவில்லை. உயிர் போகும்வரை போராடுவோம் என்று மேடையில் முழங்கியவர் போய்விட்டதைச் சிப்பாய்கள் வானொலி அறிவிப்பில் தெரிந்துகொண்டார்கள். இரண்டு நாளில் ஆப்பிரிக்க மண்டபத்தின் அருகே நின்ற லெனின் சிலை கீழே இழுக்கப்பட்டது. 24 அன்று எரித்திரியர் அஸ்மராவில் நுழைந்தார்கள். 24, 25 தேதிகளில் இஸ்ரேல் 14,000-க்கும் மேற்பட்ட எத்தியோப்பிய யூதர்களை விமானங்களில் ஏற்றிக்கொண்டு போனது. அவற்றுள் ஒரு ஜம்போ ஜெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 28 அன்று தலைநகர் விழுந்தது. எரித்திரியா 1993-இல் தனி நாடானது. அமான் அந்தோம் 5,000 வீரர்களை அனுப்ப மறுத்துப் பேச்சால் தீர்க்கப் பார்த்த சிக்கல் அது.

1994 இறுதியில் டெர்க் உறுப்பினர்கள் மீதான வழக்கு தொடங்கியது. ஆவணங்களுக்குக் குறைவில்லை, கொல்லச் சொல்லும் ஆணைகளைக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கும் வழக்கம் அந்த ஆட்சிக்கு இருந்தது. 2006 டிசம்பர் 12 அன்று, இன அழிப்புக் குற்றத்தில் மெங்கிஸ்து குற்றவாளி என்று அவர் இல்லாமலேயே தீர்ப்பளிக்கப்பட்டது. 2007 ஜனவரியில் ஆயுள் தண்டனை. அரசுத் தரப்பின் மேல்முறையீட்டில் 2008 மே 26 அன்று அது மரண தண்டனையாக உயர்ந்தது. ஜிம்பாப்வே அவரை ஒப்படைக்கவில்லை. 2017-இல் முகாபேயை அவருடைய சொந்தப் படையே பதவியிலிருந்து இறக்கியபோதும் ஹராரேயில் மெங்கிஸ்துவின் இருப்புக்கு எதுவும் நேரவில்லை.

அவர் விட்டுச்சென்ற ஆட்சியைச் சில நாள் சுமந்த தெஸ்ஃபாயே கெப்ரே கிதான் உள்ளிட்ட மூத்தவர்கள் சிலர், நகரம் விழுந்த நாட்களில் அடிஸ் அபாபாவின் இத்தாலியத் தூதரகத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள். மரண தண்டனை உள்ள நாட்டிடம் ஒப்படைக்க மாட்டோம் என்றது இத்தாலி. தெஸ்ஃபாயே 2004-இல் அந்தச் சுவருக்குள்ளேயே இறந்தார். மற்ற இருவர், முன்னாள் வெளியுறவு அமைச்சர் பெர்ஹானு பாயேயும் முன்னாள் படைத் தலைமை அதிகாரி அதிஸ் தெத்லாவும், தாங்கள் ஒரு காலத்தில் ஆண்ட நகரத்தின் நடுவிலேயே, அதன் தெருக்களில் கால் வைக்காமல், 2020 டிசம்பர் வரை 29 ஆண்டுகள் இருந்தார்கள்.